தூரத்தில் இருப்பவரின் வாடகை வீடு

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் மலாயா நாட்டுச் சம்பளம் புதைந்து கிடக்கிறது எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகச் சென்றவர்கள், மாதந்தோறும் மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்பினார்கள். அப்பணம் காணியாயிற்று, காணியில் வீடு எழும்பிற்று. பெரும்பாலும் அவ்வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. வீட்டைக் கட்டியவர் கடலுக்கு அப்பால் இருந்தாலும், உள்ளே குடியிருந்தவர் அதைத் தமதென்று காத்தார்.

இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் உழைக்கும் தமிழரிடையே இன்னொரு வகையான எண்ணம் வளர்ந்திருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையிலே ஒரு தொடர்மாடி வீடு, அல்லது யாழ்ப்பாணப் பட்டினத்திலே ஒரு மாடி வீடு வாங்க வேண்டும். அதை வாடகைக்கு விட வேண்டும். வருகிற வாடகை முதுமைக்கு உதவ வேண்டும். எண்ணத்திலே தவறில்லை. ஆனால், வாடகை வீட்டில் இருப்பவர் அதைத் தமதென்று காப்பவர் அல்லர். சொந்தக்காரரோ பல்லாயிரம் மைல் தொலைவில் இருப்பவர். ஆதலால் அவர் விலைகொடுத்து வாங்கும் பொருள்களிற் கல்லும் சீமெந்தும் ஒரு பாதிதான். மறுபாதி, காணிக் கந்தோரிற் பதிவாகும் கடதாசியும், தமக்காக ஊரில் நிற்கப்போகும் ஒரு மனிதரும் ஆகும். முதற்பாதியைப் புகைப்படத்திற் பார்க்கலாம். மறுபாதியை அப்படிப் பார்க்க இயலாது.

முதலிற் கணக்கைப் பார்ப்பது முறை. ரொறன்ரோவில் வாழும் ஒருவர் மூன்று கோடி ரூபாவுக்குக் கொழும்பில் ஒரு தொடர்மாடி வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை ஓர் இலட்சம். வருடத்துக்குப் பன்னிரண்டு இலட்சம். மூன்று கோடிக்குப் பன்னிரண்டு இலட்சம் என்றால் நூற்றுக்கு நான்கு. தரகர் சொல்லும் கணக்கு இந்த இடத்தோடு முடிந்துவிடும்.

தரகர் சொல்லாத கணக்கு உறுதி எழுதும் நாளிலேயே தொடங்குகிறது. ஆதனம் கைமாறும்போது வாங்குபவர் கட்டவேண்டிய முத்திரைவரி, முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்றும், மிகுதிக்கு நூற்றுக்கு நான்கும் என்பது வழக்கமான வீதம். மூன்று கோடிக்கு அது 1,199,000 ரூபாவாகும். அதாவது, முதல் வருட வாடகை முழுவதும் ஒருவரும் குடிவருமுன்னரே முத்திரைக்குப் போய்விடுகிறது. நொத்தாரிசின் கூலி வேறு.

பின்னர் வருடாவருடம் வரும் செலவுகள். ஒரு குடி போய் மறுகுடி வருமுன் ஒரு மாதமாவது வீடு வெறுமையாக இருக்கும். அது ஓர் இலட்சம். தொடர்மாடிக்கு மின்தூக்கியும் காவலும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. அவற்றுக்கு மாதம் 12,000 ரூபா என்றாலும் வருடத்துக்கு 144,000. பூச்சு, நீர்க்குழாய், கதவு, மின்னிணைப்பு முதலிய திருத்தங்களுக்குச் சராசரி ஓர் இலட்சம். தரகருக்கு அரைமாத வாடகை ஐம்பதாயிரம். மாநகரசபையின் சோலைவரிக்கு 26,000 என்று வைப்போம். இவை யாவும் 420,000 ரூபாவாகின்றன. எஞ்சுவது 780,000. முத்திரைவரியையும் முதலோடு சேர்த்துக் கணக்கிட்டால் இது நூற்றுக்கு இரண்டரை. இதற்குமேல் வருமானவரி உண்டு. இத்தொகைகள் உதாரணத்துக்காகச் சொல்லப்பட்டவை. இடத்துக்கும் வீட்டுக்கும் ஏற்ப மாறும். ஆனால் நான்கு இரண்டரையாகச் சுருங்கும் விதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வாடகை வருமானம் ஒன்றையே நம்பிக் கொழும்பில் வீடு வாங்குவது பெரும்பாலும் நட்டக் கணக்கு. வாங்குபவர்களில் அநேகர் உண்மையில் விலையேற்றத்தை நம்பியே வாங்குகிறார்கள். அதை அவர்கள் தமக்குத் தாமே ஒளிவின்றிச் சொல்லிக்கொண்டால் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அவர் உழைப்பது டொலரில். வாடகை வருவது ரூபாவில். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவை அண்மித்தது. மேலே கண்ட 780,000 ரூபா, மார்ச்சில் 3,900 டொலர். மே மாதத்தில் 2,200 டொலருக்கும் குறைவு. வீட்டில் ஓர் ஓடும் உடையவில்லை. குடியிருந்தவர் ஒரு மாத வாடகையும் தவறவில்லை. இருந்தும் வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற் கரைந்துவிட்டது.

கடன்பட்டு வாங்கியவரின் நிலை இதனினும் கடினம். ரொறன்ரோவில் தாம் குடியிருக்கும் வீட்டின்மேல் மாறும் வட்டிக்குக் கடன் எடுத்து, அப்பணத்தைக் கொழும்பில் முதலிட்டவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கனடா மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு 0.25 ஆக இருந்தது; 2023 யூலையில் அது 5 ஆயிற்று. ஒரு கரையிலே வட்டி ஏற, மறுகரையிலே வாடகையின் மதிப்பு இறங்கியது. இடையில் நின்றது பிள்ளைகள் படுத்துறங்கும் சொந்த வீடு. வாடகை வீட்டுக்காகக் குடியிருக்கும் வீட்டை ஈடுவைப்பது விவேகமான காரியம் அன்று.

அக்காலத்தில் வாடகையையும் டொலர் விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும் என்று வாதித்த வீட்டுக்காரரும் இருந்தனர். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 2022 செப்டெம்பரில் முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 வரையில் ஏறியிருந்தது. ரூபாவிற் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர் அரிசிக்கும் பாலுக்கும் கொடுத்து மிஞ்சியதிலிருந்தே வாடகையைக் கொடுக்கிறார். டொலருக்கு ஏற்ப உயர்த்தினால் அவர் போய்விடுவார். வெறும் வீட்டுக்கு டொலரிலும் வாடகை இல்லை, ரூபாவிலும் இல்லை.

இனிக் கடதாசியின் சங்கதி. இலங்கையில் அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றும் முறை இன்றும் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்திலேயே ஊன்றி நிற்கிறது. கைமாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும். நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பம் இடப்படல் வேண்டும். பலர் அறியாத ஒன்றும் அதே சட்டத்தில் உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் இவ்வாறே நொத்தாரிசு முன் எழுதப்பட்டாலன்றிச் சட்டத்தில் வலுவற்றது. கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, முத்திரை ஒட்டி, ‘இரண்டு வருட உடன்படிக்கை’ என்று பெட்டியிற் பூட்டி வைத்திருப்போர் எத்தனையோ பேர். பிணக்கு நேரும் நாளிலேதான் அந்தக் கடதாசியின் பெறுமதி தெரியவரும்.

உறுதி எழுதினாற் போதாது. பதிவு செய்யவும் வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றிருந்தால், மோசடி கலவாதவிடத்து, முந்திப் பதிந்த உறுதிக்கே முதன்மை. ஆகவே காணிக் கந்தோரிலே பதிவேடுகளைத் தேடி, குறைந்தது முப்பது வருட உரிமைத் தொடர்ச்சியைப் பார்ப்பது நொத்தாரிசுகளின் வழக்கம். விற்பவர் காட்டும் பிரதிகளை நம்பித் தேடலைக் கைவிடுதல் கூடாது. நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து பார்ப்பதும் அவசியமே. தொடர்மாடி வீடாயின், 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்படி அக்கட்டடத்தின் வரைபடம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதிவாகாதவிடத்து, அந்த ஒரு வீட்டுக்கெனத் தனி உறுதி பெற வழியில்லை. கையில் இருப்பது வெறும் வாக்குறுதியே.

யாழ்ப்பாணத்துக் காணியானால் தேசவழமையும் வந்து குறுக்கிடும். ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டளவிற் தொகுக்கப்பட்ட அவ்வழமையின் கூறுகள் இன்றும் சட்டமாக நிலவுகின்றன. 1947 ஆம் ஆண்டின் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச்சட்டத்தின்படி, பங்குக் காணி ஒன்றை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். கொடாது விற்றால், பங்காளி ஒருவர் நீதிமன்றம் சென்று அக்காணியைத் தாமே கொள்ள உரிமை உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தம் காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் 1911 ஆம் ஆண்டின் சட்டப்படி வேண்டப்படுகிறது. ஒருவர் நோர்வேயிலும் மற்றவர் மெல்பேணிலும் இருக்கும் பங்காளிகளைத் தேடிப்பிடிப்பது எளிதன்று. ஆனால் அந்த அலுப்புக்கு அஞ்சிக் குறுக்குவழியில் எழுதப்பட்ட உறுதிகளே பின்னர் மாவட்ட நீதிமன்றங்களை நிரப்புகின்றன.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இலங்கையிற் காணி வாங்கலாமா என்ற கேள்வியும் எழும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பிறநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடைசெய்தது. இரட்டைக் குடியுரிமை பெற்றோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. நெருங்கிய உறவினரிடமிருந்து நன்கொடையாகவோ மரணசாதனத்தின் மூலமோ உரித்தாகவோ வருவதையும் அது தடுக்கவில்லை. தொடர்மாடிக் கட்டடங்களில் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளை, முழு விலையையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பி வாங்கவும் அது அன்று இடந்தந்தது. அச்சட்டம் பின்னர் திருத்தப்பட்டிருப்பதால், வாங்கும் நாளில் உள்ள நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறிவது நல்லது. தடையைத் தாண்டுவதற்காக ஊரிலுள்ள மைத்துனர் பெயரில் உறுதி எழுதி, ‘வீடு உண்மையில் என்னுடையது’ என்று வாய்ச்சொல்லில் வைத்திருப்போரும் உண்டு. மைத்துனர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்தபின் அவருடைய பிள்ளைகள் காணப்போவது உறுதியில் உள்ள பெயரை மட்டுமே.

பணம் வந்த வழியும் பதிவில் இருத்தல் வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், உள்முக முதலீட்டுக் கணக்கு என்றொரு வங்கிக் கணக்கு உண்டு. அதன்வழி வந்த பணத்தால் வாங்கிய ஆதனத்தின் வாடகையையும் விற்ற விலையையும் அதே வழியிலே திரும்ப எடுத்துச் செல்லலாம். உண்டியல் வழியாக வந்த பணத்துக்கு அந்த வசதி இல்லை. வரும்போது நூற்றுக்கு ஒன்று இரண்டு இலாபமாகத் தோன்றினாலும், போகும்போது கதவு அடைத்திருக்கும். வரியும் இரு கரையிலும் உண்டு. இலங்கையில் வாடகை வருமானவரிக்கு உட்பட்டது. கனடாவில் வதிபவர் தம் உலக வருமானம் முழுவதையும் அங்கு காட்ட வேண்டும். பிறநாட்டில் உள்ள வாடகை வீடு முதலிய சொத்துக்களை வாங்கிய செலவு மொத்தமாக 100,000 கனடா டொலருக்கு மேற்பட்டால் அதற்கெனத் தனிப்படிவமும் நிரப்ப வேண்டும். ஒரு கரையிற் கட்டிய வரியை மறுகரையிற் கழித்துக்கொள்ள வழியுண்டு. அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானது, ஊரில் நிற்கும் மனிதரைத் தெரிவு செய்வது. அவருக்குக் கொடுக்கப்படும் அதிகாரப் பத்திரம் அற்றோர்ணித் தத்துவம் எனப்படும். 1902 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதை ஆள்கிறது; 2022 இல் அது திருத்தப்பட்டது. பொதுத் தத்துவம், விசேட தத்துவம் என அது இருவகைப்படும். வாடகை வாங்கவும், குடியை வைக்கவும் எடுக்கவும், சோலைவரி கட்டவும் ஒருவர் வேண்டுமாயின் அவ்வளவுக்கும் மட்டும் விசேட தத்துவம் போதுமானது. விற்கவும் ஈடுவைக்கவும் அதிகாரம் தரும் பொதுத் தத்துவத்தை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள், தம் வீடு வேறொருவர் பெயரில் இருப்பதைப் பல வருடங்களின் பின் விடுமுறையில் வந்து அறிந்த கதைகள் ஊர்களில் இல்லாமல் இல்லை. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அது அத்தோடு முடிந்துவிடும் என்பதையும் இரு தரப்பாரும் நினைவில் வைத்தல் வேண்டும்.

உறவினரிடம் சம்பளமின்றி ஒப்படைப்பதே நம் வழக்கம். ‘தம்பி பார்த்துக்கொள்வான்’ என்பார் அண்ணர். தம்பிக்கும் குடும்பம் உண்டு. இரவு பத்து மணிக்கு நீர்க்குழாய் வெடித்தால், குடியிருப்பவர் தொலைபேசி எடுப்பது தம்பிக்குத்தான். முதல் இரண்டு வருடம் அன்பினாற் செய்வார். மூன்றாம் வருடம் கடமையாகச் செய்வார். அதற்குப் பிறகு, ‘அண்ணருக்கு அங்கே டொலர், எனக்கு இங்கே தலைவலி’ என்ற எண்ணம் பிறக்கும். அது நியாயமான எண்ணமே. வாடகையில் நூற்றுக்குப் பத்தை அவருக்கென்று முன்னரே பேசி, மாதந்தோறும் தவறாது கொடுத்து, கணக்கை எழுத்தில் வாங்கினால் உறவும் கெடாது, வீடும் கெடாது. மேலே கண்ட கணக்கில் இந்தப் பத்தும் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் இரண்டரையும் நிலையாது.

ஆட்சியுரிமை என்றொரு அச்சம் வெளிநாட்டிலுள்ள பலருக்கு உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டம், உரியவருக்கு எதிராகப் பத்து வருடம் இடையீடின்றி ஆண்டவருக்கு உரிமை தருவது உண்மை. ஆனால் வாடகை கொடுத்து இருப்பவரும், அனுமதி பெற்று இருப்பவரும் எதிராக ஆள்பவர் அல்லர். பங்காளி ஒருவரின் ஆட்சி ஏனைய பங்காளிகளின் ஆட்சியாகவே கொள்ளப்படும் என்று கோமறைக் கழகம் கொறயா என்பவரின் வழக்கில் 1911 இலேயே தீர்த்தது. போர்க்காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களின் நிலை கருதி, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடாதிருக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. சட்டம் இவ்வளவு துணைநின்றாலும், நிரூபிப்பது சொந்தக்காரரின் பாடு. வாடகைப் பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகளும், தம் பெயரிலேயே கட்டிய சோலைவரிச் சீட்டுகளும், வருடத்துக்கு ஒரு கடிதமும் இருந்தால் அந்தப் பாடு இலேசாகும்.

குடியிருப்பவரைப் பற்றிய பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. யுத்தகாலத்திற் பிறந்த 1942 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாடு, 1948 இலும் 1972 இலும் வலுப்பெற்றது. 1973 ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தினால், அளவுக்கு மிஞ்சிய வீடுகளிற் குடியிருந்தவர்கள் அவற்றையே வாங்கிச் சொந்தக்காரராயினர். பல குடும்பங்களுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை அப்படித்தான் கிடைத்தது. வீட்டுக்காரருக்கோ, ‘வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும்’ என்ற நினைவு தலைமுறை தாண்டியும் ஒட்டிக்கொண்டது. கொழும்பில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்கும் வழக்கத்தை வளர்த்ததில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு. எழுத்திலுள்ள குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவில் மீட்க, 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு நடைமுறையை ஏற்படுத்தியது. அதன்பின்னும் பெருந்தொகை முற்பணம் கேட்பவர், வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்புக்கு வேலைக்கு வரும் நல்ல குடிகளைத் தாமே விரட்டுகிறார். வாங்கிய முற்பணமும் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயின் அது வருமானம் அன்று. தனிக்கணக்கிற் கிடக்கவேண்டிய கடன்.

புதிதாகத் தொடங்குவோரிற் பலருக்குக் கொழும்பைவிடக் கிட்டிய வழி ஒன்று இருக்கிறது. குடாநாட்டிலே பூட்டிக் கிடக்கும் தாய்தந்தையர் வீடுதான் அது. அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை; பங்காளிகளின் சம்மதமும் கூரைத் திருத்தமுமே வேண்டும். வாடகை சிறிதாயினும், முதல் அதனினும் சிறிது. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர், வைத்தியர், வங்கி உத்தியோகத்தர் ஆகியோர் பட்டினத்தை அண்டிய இடங்களில் வீடு தேடித் திரிகிறார்கள். சகோதரர்கள் கூடி, ஒருவருக்கு விசேட தத்துவம் எழுதி, நொத்தாரிசு முன் ஒரு வருடக் குத்தகை வைத்து, வாடகையைப் பங்குப்படி ஒரு வங்கிக் கணக்கில் இட்டு நடத்திப் பார்க்கலாம். கிணறு இறைபடும், முற்றம் கூட்டப்படும், கறையான் ஏறுமுன் யாரேனும் காண்பார்கள். அந்த ஒரு வருடத்தில் ஊரில் நிற்பவர் எப்படிப்பட்டவர், கணக்கு ஒழுங்காக வருகிறதா, பங்காளிகள் ஒத்துப்போவார்களா என்பனவெல்லாம் ஓர் இலட்சமோ இரண்டு இலட்சமோ செலவோடு தெரிந்துவிடும். மூன்று கோடியைக் கொழும்பிற் போடுவதா என்ற யோசனையை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.